பெட்டிக் கதவின் உள்பக்கம்

வீட்டில் புதிதாக மாற்றிய மின் இணைப்பைச் சோதிக்க வந்த ஆய்வாளர் கம்பிகளின் தடிமனைப் பார்த்தார், திருகாணிகளைப் பார்த்தார், வெளியே புதுப்பனியில் நின்று சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் சிவப்புப் பட்டையை வாசித்தார். எதிலும் குறை இல்லை. கடைசியாகப் பேஸ்மென்ட்டுக்குத் திரும்பி வந்து வீட்டின் பிரேக்கர் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பேனல் பெட்டியின் கதவைத் திறந்தார். அதன் உள்பக்கம் நான் எழுதி ஒட்டியிருந்த அட்டையில் விரலை வைத்தார். 14-ஆம் எண்ணுக்கு எதிரே ஆங்கிலத்தில் ‘அம்மா அறை’ என்று எழுதியிருந்தேன்.

“யாருடைய அம்மா?” என்று கேட்டார்.

என் அம்மா, ஊரிலிருந்து வந்தால் ஆறு மாதம் தங்கும் அறை அது என்று விளக்கினேன். அவர் தலையசைத்தார். குரலில் கடுமை இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. “உங்களுக்குப் பிறகு இந்த வீட்டை வாங்குபவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு வரும் தீயணைப்பு வீரருக்கும் தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்” என்றார்.

அவர் சொன்னது தனிப்பட்ட யோசனை அல்ல, விதி. அமெரிக்காவில் என்.இ.சி. என்று சுருக்கி அழைக்கப்படும் தேசிய மின்விதித் தொகுப்பின் 408.4-ஆம் பிரிவு அது. பேனலில் உள்ள ஒவ்வொரு சுற்றும் எதற்கானது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எழுத்து, வீட்டில் இன்றைக்கு யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சார்ந்து இருக்கக் கூடாது. குடியிருப்பவர்கள் மாறுவார்கள், சுவருக்குள் இருக்கும் கம்பி மாறாது.

இந்த விதியின் அருமை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1970-களில் கட்டிய இந்த மினசோட்டா வீட்டை வாங்கியபோது பேனல் கதவில் பென்சிலால் எழுதிய பழைய அட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி: ‘பாட்டியின் தையல் அறை’. எந்தப் பாட்டி, எந்த அறையில் தைத்தார் என்று சொல்ல யாரும் இல்லை. மேல்மாடியில் சன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் அறைதான் தையலுக்கு ஏற்றது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒருநாள் அந்த அறையில் பழுதான பிளக் பாயின்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. ‘தையல் அறை’ பிரேக்கரை அணைத்துவிட்டு மாடியேறி, மூடியைக் கழற்றித் திருகாணியில் கை வைத்தேன். பட்டென்று ஓர் ஓசை, நீலப் பொறி. ஸ்க்ரூடிரைவரின் முனை உருகி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்க்காதது என் தவறு. ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு குடும்பம் தன் பாட்டியின்மேல் இருந்த பாசத்தில் எழுதிய மூன்று சொற்கள் என் உயிருக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டன. அப்படி இருந்தும் புதுப் பேனலில் நானும் ‘அம்மா அறை’ என்றே எழுதியிருக்கிறேன்.

அன்றிலிருந்து சில வாரங்கள் இந்த விதிகளை உட்கார்ந்து படித்தேன். எண்களும் பிரிவுகளுமாகத் தொடக்கத்தில் வறண்டுதான் தெரிந்தன. பேனல் எங்கே இருக்க வேண்டும், அதன் முன்னால் எவ்வளவு இடம் வேண்டும், வீட்டு மின்சாரம் முழுவதையும் நிறுத்தும் மெயினை எப்படி அணைக்க முடிய வேண்டும் என்ற பக்கங்களுக்கு வந்தபோது ஒரு முகம் தெரியத் தொடங்கியது. வீட்டுக்காரனின் முகம் அல்ல. இந்த வீட்டுக்குள் இதற்கு முன் வந்தேயிராத, இருட்டிலும் புகையிலும் அவசரத்திலும் வந்து நிற்கப் போகிற யாரோ ஒருவரின் முகம். ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் அவரை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

பேனலை மாற்றும் வேலை தொடங்கியது மின்சாரக் காரால். வீட்டுக்கு வந்த இணைப்பு 100 ஆம்பியர். தனி வீட்டுக்கு அதற்குக் குறைந்த இணைப்பே கூடாது என்பது விதி, ஆகவே நாங்கள் அடிமட்ட அளவில் இருந்தோம். இது போதுமா என்பதைப் பார்க்கவும் விதித்தொகுப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. 2,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 3 வோல்ட்-ஆம்பியர் (ஏறக்குறைய வாட்) வீதம் 6,000. சமையலறைப் பிளக்குகளுக்கு இரண்டு சுற்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 1,500 வீதம் 4,500. மின்னடுப்பு 12,000, துணி உலர்த்தி 5,000, பாத்திரம் கழுவும் இயந்திரம் 1,200. மொத்தம் 28,700. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் முதல் 10,000-ஐ முழுதாகவும் மிச்சத்தை 40 விழுக்காடாகவும் எடுத்துக்கொள்ளலாம்: 17,480. ஏ.சி.க்கு 5,000 சேர்த்தால் 22,480. அதை 240-ஆல் வகுத்தால் 94 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் 48 ஆம்பியர் கார் சார்ஜர் வந்து உட்கார்ந்தால், எப்படிக் கூட்டினாலும் 100-ஐத் தாண்டிவிடுகிறது. சார்ஜர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் சுமை என்பதால் அதற்கு 125 விழுக்காடு, அதாவது 60 ஆம்பியர் பிரேக்கர், தனியாக வேண்டும்.

200 ஆம்பியருக்கு மாறுவது என்று முடிவாயிற்று. பேஸ்மென்ட்டில் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பெரிய பெட்டி ஒன்றை மாட்டுவார்கள், ஒரே நாளில் முடியும் என்று நினைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் அறுபதை நெருங்கியவர், சொற்களை எண்ணிப் பேசுபவர். வந்ததும் பேனலைப் பார்க்கவில்லை. வெளியே போய் மீட்டர் இருந்த சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். “பெட்டியை மாற்றினால் இங்கே ஒரு மெயின் வேண்டும்” என்றார்.

இந்த விதி வந்தது 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில், 230.85-ஆம் பிரிவாக. தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும், கட்டடத்துக்கு வெளியே, எளிதில் எட்டும் இடத்தில், அவசரகாலத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். 2023 பதிப்பு அதை இன்னும் இறுக்கியது: சுவிட்ச் வீட்டிலிருந்து பார்வைக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், பெட்டியின் முகப்பில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், அரை அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், அவசரத் துண்டிப்பு என்று எழுதியிருக்க வேண்டும். பழைய வீடுகளை ஓடி ஓடிப் போய் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மெயின் இருக்கும் சாதனத்தை மாற்றும் நாளில் புதிய விதி அந்த வீட்டுக்கும் வந்துவிடும். மீட்டர் மாட்டும் பெட்டியையோ உள்ளே வரும் கம்பியையோ மட்டும் மாற்றினால் விலக்கு உண்டு. எங்களுக்கு அந்த விலக்கு பொருந்தவில்லை.

என்.இ.சி. தானாகச் சட்டம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1897-இல் முதன்முதலாக வெளிவந்த தொகுப்பு அது. இப்போது தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தி வெளியிடுகிறது. ஒவ்வொரு மாநிலமும், சில இடங்களில் ஒவ்வொரு நகரமும், எந்தப் பதிப்பை எந்தத் திருத்தங்களுடன் ஏற்பது என்று தானே முடிவு செய்கிறது. மினசோட்டா 2023 பதிப்பை அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் எந்தப் பதிப்பு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதிலேயே செலவு கணிசமாக மாறும்.

வெளியே எதற்கு மெயின்? தீப்பிடித்த வீட்டுக்கு வரும் தீயணைப்புப் படையினரின் முதல் வேலைகளில் ஒன்று மின்சாரத்தை நிறுத்துவது. மினசோட்டாவில் பேனல் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் இருக்கும். எரியும் வீட்டில் அங்கே இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது. மின் நிறுவனத்தின் ஆள் வந்து சேர நேரமாகும். அதனால் பல ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் மீட்டரையே கையால் பிடுங்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. இங்கே மீட்டர் நான்கு தாடைகளுக்குள் செருகப்பட்டு நிற்கும் கண்ணாடிக் கிண்ணம் போன்றது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இழுத்தால் இடைவெளியில் மின்வில், அதாவது காற்றைத் தாண்டிப் பாயும் நெருப்பு வளைவு, எழும்பும். உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். வீட்டைக் காக்க வந்தவர் செருகியை உருவி எடுப்பது போல உயிருள்ள மின்சாரத்தை உருவுகிறார். அந்த ஒரு செயலை இல்லாமல் ஆக்கவே சிவப்புப் பட்டையும் கைப்பிடியும் வந்தன.

எங்கள் ஊரில் இதெல்லாம் எப்போதும் வாசலில்தான் இருந்தது. திண்ணைச் சுவரில் மரப்பலகை, அதில் மீட்டர், பக்கத்தில் இரும்பு மெயின் சுவிட்ச், பீங்கான் பியூஸ் கட்டைகள். இடி இடித்தால் அப்பா எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டு வந்து படுப்பார். தெருவில் போகிற எவரும் எட்டி அணைக்கக்கூடிய இடம் அது. ஒருவரும் அணைத்ததில்லை.

ஆனால் இங்கே அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. “வெளியே வைத்தால் வேண்டாதவன் எவனாவது வந்து அணைத்துவிட்டுப் போக மாட்டானாப்பா?” என்றாள். எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். ‘எளிதில் எட்டும்’ என்பதற்கு விதித்தொகுப்பு தரும் விளக்கத்தில் சாவியைப் பயன்படுத்துவது தடுக்கப்படவில்லை, பூட்டுப் போடலாம், தீயணைப்பு வண்டியில் பூட்டை வெட்டும் கத்தரி இருக்கும் என்றார். அம்மா ஒரு கணம் யோசித்தாள். “அவர்கள் வரும்போது பூட்டை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். திறந்தே இருக்கட்டும்” என்றாள். பூட்டுப் போடவில்லை.

இந்த வேலையில் நான் உண்மையிலேயே வியந்தது வேறு ஒன்று. மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டால் வீட்டில் மின்சாரமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பழைய பேனலின் மூடியைக் கழற்றியதும் எலக்ட்ரீஷியன் பேனாவால் சுட்டிக்காட்டினார்: மெயினுக்கு மேலே இரண்டு தடித்த அலுமினியக் கம்பிகள் வந்து பூட்டப்பட்டிருந்த முனைகள். மெயினை அணைத்தாலும் அவை உயிரோடுதான் இருக்கும். அவற்றை அணைக்கும் சுவிட்ச் இந்த வீட்டில் எங்குமே இல்லை.

அந்தக் கம்பிகளுக்குப் பாதுகாப்பு என்ன? மின் நிறுவனத்தின் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டு மெயின் வரை வரும் கம்பியைத்தான் சர்வீஸ் கம்பி என்கிறோம். டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் ஒரு பியூஸ் இருக்கிறது. அது டிரான்ஸ்பார்மரையும் நிறுவனத்தின் பாதையையும் காப்பதற்கு வைத்தது, என் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பியை அல்ல. சுவருக்குள் அந்தக் கம்பியின் உறை கிழிந்து உலோகத்தில் உரசினால் எந்த பிரேக்கரும் விழாது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, கம்பி தானாக எரிந்து அறுந்து விழும்வரை நிற்காது. அதனால்தான் மெயின் வெளியே இருக்க வேண்டும், அல்லது உள்ளே என்றால் சர்வீஸ் கம்பி நுழையும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும் என்று 230.70 சொல்கிறது. எத்தனை அடி என்று அது சொல்லவில்லை. அந்த எண்ணைப் பல நகரங்களும் மாநிலங்களும் தாமே வைத்துக்கொள்கின்றன, இல்லாத இடத்தில் ஆய்வாளரின் சொல்தான் அளவு.

வீட்டு பிரேக்கர்களில் ‘10,000’ என்று ஓர் எண் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 15 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று, குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) நேரும் கணத்தில் 10,000 ஆம்பியர் வரை வந்தாலும் வெடித்துச் சிதறாமல் அறுத்துக் காட்ட வேண்டும் என்பதே அந்த எண். அந்த இடத்தில் டிரான்ஸ்பார்மர் அதைவிடக் கூடுதலாகத் தர வல்லது என்றால் அந்த பிரேக்கர் மட்டும் அங்கே போதாது.

இந்த இடத்தில் தமிழ்ச் செய்தித்தாள்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எந்த வீடு எரிந்தாலும் ‘மின்கசிவே காரணம்’ என்று எழுதிவிடுகிறோம். கசிவு என்பது மின்சாரம் தன் பாதையை விட்டு மண்ணுக்கோ மனித உடலுக்கோ போவது. சில பத்து மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆள் இறந்துபோகலாம், அப்போது சுவரில் கரி கூடப் பிடித்திருக்காது. வீட்டை எரிப்பது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பின் சூடு, அளவுக்கு மீறிய சுமை, குறுக்குச்சுற்று, மின்வில். கசிவுக்கு மருந்து வேறு, இவற்றுக்கு மருந்து வேறு. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், படிப்பவர் தன் வீட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போய்விடுகிறார்.

தளர்ந்த இணைப்பு என்றதும் எலக்ட்ரீஷியன் கையில் வைத்திருந்த முறுக்குத் திருகி நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு முனையையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் எண் கொடுத்திருப்பார். அந்த எண்ணுக்கு அளவுக்கருவி வைத்தே இறுக்க வேண்டும் என்பது 2017 பதிப்பிலிருந்து விதி. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள கை, ஆனாலும் ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அவர் விடவில்லை. அலுமினியம் சூட்டில் செம்பைவிடக் கூடுதலாக விரியும், குளிர்ந்தால் சுருங்கும், அழுத்தினால் மெல்ல மெல்லப் பிதுங்கும். சற்றுத் தளர்வாக விட்ட முனை ஓராண்டில் தானே தளர்ந்துகொண்டு போகும்.

இனி இந்த வேலையின் மிகச் சிக்கலான பகுதி. வெளியே வைக்கும் சுவிட்சை இரண்டு விதமாகக் கருதலாம். அது வெறும் துண்டிப்பு மட்டும், சட்டப்படியான மெயின் உள்ளே பழைய இடத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பட்டையிலேயே ‘இது சர்வீஸ் சாதனம் அல்ல’ என்று எழுத வேண்டும். அல்லது வெளியே இருப்பதையே மெயின் ஆக்கிவிடலாம். எலக்ட்ரீஷியன் இரண்டாவதைத் தேர்ந்தார். அப்படிச் செய்தால் வீட்டுக்குள் வரும் கம்பிக்கு வெளியிலேயே 200 ஆம்பியர் பிரேக்கரின் காவல் கிடைக்கிறது. அதை அணைத்தால் பேஸ்மென்ட் பேனல் முழுதும் செத்துவிடும், அந்த மேல் முனைகள் உள்பட. அடுத்த முறை அந்த மூடியைக் கழற்றுபவருக்கு உயிருள்ள உலோகம் ஒன்றும் எதிரே இருக்காது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வீட்டுக்கு வரும் மூன்று கம்பிகளில் இரண்டு லைன், ஒன்று மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு லைன்களுக்கு இடையே 240. இந்த நியூட்ரலை வீட்டின் எர்த்தோடு ஓர் இடத்தில் இணைக்க வேண்டும். அந்த இடம் மெயின் இருக்கும் பெட்டி. அதைத் தாண்டி வேறெங்கும் இரண்டும் தொடக் கூடாது. மெயின் வெளியே போனதும் அந்தத் திருமணமும் வெளியே போகிறது. பேஸ்மென்ட் பேனல் இப்போது துணைப் பேனல். அதற்கு நான்கு கம்பி வேண்டும், நியூட்ரலுக்கு ஓர் உலோகப் பட்டை, எர்த்துக்கு வேறு பட்டை, இரண்டையும் பிணைக்கும் பச்சைத் திருகாணியைப் போடவே கூடாது. பழைய பெட்டியில் இரண்டும் ஒரே பட்டையில் கலந்து கிடந்தன. சில திருகாணிகளின் கீழ் இரண்டிரண்டு நியூட்ரல்கள் கூட இருந்தன, அதுவும் கூடாது. ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் ஒட்டி, புதுப் பட்டைகளில் சேர்க்க ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று.

பிரிக்காமல் விட்டால் என்ன? விளக்குகள் எரியும், அடுப்பு சுடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் நியூட்ரலில் திரும்பிப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும், பெட்டிகளின் உலோகம் வழியாகவும், தண்ணீர்க் குழாய் வழியாகவும் போகத் தொடங்கும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் முழுதும் அந்த வழியில் திரும்பும். அன்றைக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் உடம்பைத் தொட்டவர் கதி என்ன? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத தவறு இது. அதனால்தான் ஆய்வாளர் முதலில் அந்தப் பச்சைத் திருகாணி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

எர்த் பற்றி நம்மிடையே பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். லைன் கம்பி இரும்பு உடம்பில் பட்டால் மின்சாரம் எர்த் குழிக்குள் இறங்கிவிடும், பியூஸ் போகும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குப் பாட்டி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார். இங்கே எட்டடி நீளக் கம்பி ஒன்றை மண்ணில் அறைகிறார்கள். அதன் தடை 25 ஓம் அல்லது அதற்குள் இருந்தால் ஒன்று போதும். அளந்து காட்டாவிட்டால் ஆறடிக்குக் குறையாத இடைவெளியில் இரண்டாவது வேண்டும். ஆனால் 25 ஓம் வழியாக 120 வோல்ட் எவ்வளவு பாய்ச்சும்? 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் அதை உணரவே உணராது. பிரேக்கரை விழவைப்பது மண் அல்ல. மெயினில் நியூட்ரலையும் எர்த்தையும் பிணைக்கும் அந்தச் சிறு உலோகத் துண்டுதான். பிழை மின்சாரம் அதன் வழியே நியூட்ரலில் ஏறி, தடை மிகக் குறைந்த பாதையில் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பி, நூற்றுக்கணக்கான ஆம்பியராகப் பெருகி, பிரேக்கரை ஒரு நொடியில் தள்ளிவிடுகிறது. மண்ணில் அறைந்த கம்பி மின்னலுக்கும், மேல்நிலைக் கம்பிகளில் திடீரென வரும் மின்னழுத்த எழுச்சிக்கும்தான் முதன்மையாக உதவுகிறது. ஊரில் எர்த் குழியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் இதே கணக்கைப் போட்டால், 230 வோல்ட்டுக்கு 9.2 ஆம்பியர் வரும். அங்கேயும் பியூஸ் போகாது. ஆகவேதான் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுக்கும் ஆர்.சி.சி.பி. அந்த வீடுகளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஊரில் இருக்கும் உறவினர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாட்டிவிட்டீர்களா என்று அடுத்த முறை போகும்போது பார்க்கவும் செய்வேன்.

அக்டோபர் கடைசியில், தரை இறுகுவதற்கு முன்பே அந்த இரண்டு கம்பிகளையும் அறைந்தாயிற்று. தெற்கு மினசோட்டாவில் அத்திவாரத்தை 42 அங்குல ஆழத்துக்குக் கீழே வைக்கச் சொல்லும் அளவுக்கு மண் உறைகிறது. உறைந்த மண் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். எட்டடிக் கம்பியின் கீழ்ப்பாதிதான் குளிர்காலத்தில் பெரும்பாலும் வேலை செய்யும்.

பிறகு பேனலுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடம். முப்பது அங்குல அகலம், முப்பத்தாறு அங்குல ஆழம், ஆறரை அடி உயரம், எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். கதவு 90 பாகை திறக்க வேண்டும். பேனலுக்கு நேர்மேலே ஆறடிக்குள் அதைச் சாராத தண்ணீர்க் குழாயோ காற்றுக் குழாயோ போகக் கூடாது. எங்கள் பேனலுக்கு முன்னால் அரிசி மூட்டைகளும், மடித்து வைத்த கொலுப்படிகளும், பொம்மைப் பெட்டிகளும் இருந்தன. எலக்ட்ரீஷியன் பெட்டிகளை நகர்த்தச் சொல்லவில்லை. தரையில் பச்சைச் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்துவிட்டு, அதற்குள் நின்று காட்டினார். மூடியில்லாத பேனலில் வேலை செய்யும்போது மின்வில் எழுந்தால் மனிதன் நினைத்துப் பார்க்காமல் பின்னால் தாவுவான். அவன் கால் எதிலும் தடுக்கக் கூடாது, முழங்கை பக்கவாட்டில் எதிலும் இடிக்கக் கூடாது. அந்த மூன்றடி அதற்காகத்தான். கட்டத்துக்குள் ஒருவர் நிற்பதைப் பார்த்த பிறகு அந்த இடத்தில் எதையும் வைக்க மனம் வராது. கொலுப்படிகள் இப்போது மாடிப்படியின் கீழே இருக்கின்றன. வெளியே இருக்கும் பெட்டிக்கும் அதே இடைவெளி வேண்டும் என்பதால் பனி விழும் நாளில் வாசலை ஒதுக்கும்போதே அந்தச் சுவரின் முன்னாலும் மூன்றடிக்கு வாரிவிடுகிறேன்.

மற்றவை வரிசையாகப் படித்தாலே புரியும். குளியலறையில் பேனல் கூடாது. துணி அலமாரிக்குள் கூடாது. படிக்கட்டுக்கு மேலே கூடாது. கைப்பிடி ஆறடி ஏழங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. திறந்து கிடக்கும் துளைகளை மூட வேண்டும். 2020 முதல் வீடுகளுக்கு மின்எழுச்சித் தடுப்பானும் கட்டாயம். ஒன்று மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது: மெயின் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொன்னதில்லை. ஆறு பிரேக்கர்கள் வரை இருக்கலாம், ஆறு கைவீச்சில் வீடு அணைய வேண்டும், அவ்வளவுதான். அந்த அனுமதியை வைத்து ஒரு காலத்தில் தனி மெயினே இல்லாத பேனல்களை வீடு வீடாக மாட்டினார்கள். 2020-இல் அந்த ஆறும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது, தனித்தனி உறைகளில் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். ஆறையும் அணைத்த பிறகும் அதே பெட்டிக்குள் உயிருள்ள பட்டை திறந்து நிற்கும் என்பதுதான் காரணம். இதிலும் கவலை வீட்டுக்காரனைப் பற்றியது அல்ல, உள்ளே கை விடுகிறவரைப் பற்றியது.

அட்டைக்கு வருகிறேன். ஆய்வாளர் போன அன்று மாலையே உட்கார்ந்து முழு அட்டையையும் புதிதாக எழுதினேன். முதல் அட்டையை எழுதியபோது அம்மா இங்கே இருந்தாள். நான் கீழே ஒவ்வொரு பிரேக்கராக அணைப்பேன், அவள் மேலே அறை அறையாகப் போய்ப் பார்த்து “இங்கே அணைந்துவிட்டதப்பா” என்று குரல் கொடுப்பாள். 14-ஐ அணைத்தபோது அவள் குரல் வந்தது அவளுடைய அறையிலிருந்து. அதை அப்படியே எழுதிவிட்டேன். இப்போது அவள் ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ‘சின்னவள் அறை’ என்றிருந்ததை ‘மேல்மாடி, வடக்குப் படுக்கையறை’ என்று மாற்றினேன். ‘பூஜை அலமாரி’ இருந்த வரி ‘கீழ்த்தளம், கிழக்குச் சுவர்ப் பிளக்குகள்’ ஆயிற்று. 14-ஆம் வரியில் பேனாவை வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்.

இரவு அம்மாவோடு பேசும்போது ஆய்வாளர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவள் வருத்தப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அவர் சொன்னது சரிதானே. தெரியாதவர் வந்து நின்றால் அவருக்கு வழி தெரிய வேண்டாமா?” என்றாள். “இப்போது என்ன என்று எழுதியிருக்கிறாய்?”

“மேல்மாடி, தென்மேற்குப் படுக்கையறை.”

“தென்மேற்கா?” அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை. மனத்துக்குள் வீட்டைத் திசை திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். “அப்படியென்றால் கன்னி மூலை. வீட்டுப் பெரியவர்கள் படுக்க வேண்டிய அறைதானப்பா அது.”